உபதேசியாரின் கண்ணுக்குக் கீழே

போன மாதம் கண்ணாடி மாற்றுவதற்காக நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் பதினான்கு நாற்காலிகள் கிடந்தன. அவற்றில் இரண்டுக்குக் கால் சரியில்லை. எனக்கு வாய்த்தது அவற்றில் ஒன்று. ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது உள்ளே டாக்டர் ஒரு பெண்மணியிடம் பேசுவது கதவிடுக்கு வழியாகக் கேட்டது. அந்தம்மாளுக்குக் கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளை எடுக்க வேண்டுமாம். வீக்கம் வரும், நீலம் பாரிக்கும், தலையை உயர்த்திப் படுக்கவேண்டும், கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். நான் விரல் மடக்கினேன். எட்டு எச்சரிக்கைகள். எல்லாம் சரிதான். ஒன்பதாவது ஒன்று உண்டு. அதை அவர் சொல்லவில்லை.

என் முறை வந்ததும் அதை எடுத்துச் சொன்னேன். அவர் நல்ல பையன், சிரித்தார். “இது புது ஆபரேஷன், பெரியவரே. நம்ம பக்கம் இப்பதான் வந்திருக்கு” என்றார்.

என் கண்ணில் அப்போது சொட்டு மருந்து விட்டிருந்ததால் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இங்கே எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இந்த மண்ணில், இந்த ஆபரேஷனுக்கு நான் பஞ்சு எண்ணியிருக்கிறேன். என் காலத்தில் மொத்தம் பதினொன்று நடந்தன. அதில் ஒன்றைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

இருபதுகளின் நடுவில் பள்ளியிறுதித் தேர்வு தேறிவிட்டு, நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராகச் சேர்ந்தேன். முதல் வருடம் துணி கிழித்துச் சுருட்டினேன். அடுத்த வருடம் ஆயுதங்களைக் கொதிக்கவைத்தேன். அதற்கடுத்த வருடம் ஆபரேஷன் அறைக்குள் விட்டார்கள். அங்கே எனக்கு இட்ட வேலை எண்ணுவது. கத்தி வைக்குமுன் எத்தனை பஞ்சு, எத்தனை ஊசி, எத்தனை இடுக்கி என்று உரக்கச் சொல்லவேண்டும். தைத்து முடிக்குமுன் அதே தொகையைத் திரும்பச் சொல்லவேண்டும். தொகை ஒத்துவரவில்லையென்றால் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த வேலை என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லித் தட்டில் குழிகளை எண்ணாமல் என்னால் சாப்பிட உட்கார முடியாது. என் மனைவி இதைப்பற்றிச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

எங்கள் பெரிய டாக்டர் குருவிளா. கோட்டயம் பக்கத்து மனிதர். மதராசில் படித்துவிட்டுச் சீமைக்குப் போய், யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களைச் சீராக்கிய ஒரு சர்ஜனிடம் மூன்று வருடம் கைவேலை கற்று வந்தவர். ஆள் குள்ளம். ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு அதன்மேல் நிற்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் அதை அறிவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சாதாரணமாக எங்களை ‘நீ’ என்பவர், கோபம் வந்தால் ‘நிங்கள்’ என்பார். மரியாதை ஏறினால் நாங்கள் நடுங்குவோம்.

புரை எடுப்பதும், இமை மயிர் உள்நோக்கி வளைந்து குத்துவதைச் சரிசெய்வதும்தான் அங்கே அன்றாட வேலை. கண்ணுக்குக் கீழுள்ள பையை எடுப்பதில் டாக்டருக்குத் திறமை உண்டே தவிர ஆசை கிடையாது. வந்தவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். கோட்டாற்று ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். கடையில் வாடிக்கைக்காரர்கள் அவரைப் பார்த்து, முதலாளிக்கு உறக்கம் வருகிறது என்று எழுந்து போய்விடுகிறார்களாம். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வீக்கம் காலையில் கூடுதலா, சாயங்காலம் கூடுதலா? காலையில்தான் கூடுதல், மத்தியானத்துக்குள் வற்றிவிடும் என்றார் அவர். டாக்டர் உடனே மூத்திரம் சோதிக்க அனுப்பினார். நினைத்தது சரி, சிறுநீரகத்தில்தான் கோளாறு. அது பையல்ல, நீர். கத்தி வைத்திருந்தால் வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

இனி உபதேசியார் கதை.

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க் கிறிஸ்தவ சபையில், போதகருக்குக் கீழே ஊழியம் பார்க்கும் உபதேசியாராக இருந்தவர் ஞானமுத்து. ஆறடி உயரம், கோயில்மணி போலக் குரல். இரண்டு கண்களுக்குக் கீழேயும் முந்திரிப்பழம் கட்டித் தொங்கவிட்டதுபோல் இரண்டு பைகள். அவரும் அவர் மனைவி ரத்தினம்மாளும் வெளிநோயாளி வரிசையில் முப்பத்தோராவது ஆட்களாக வந்து உட்கார்ந்தார்கள். முறை வந்ததும் உபதேசியார் விஷயத்தைச் சொன்னார். டாக்டர், அழகுக்காகக் கத்தி எடுப்பதில்லை என்று எழுந்துவிட்டார்.

“நான் அழகுக்கு வரல்ல டாக்டரே” என்றார் உபதேசியார். “எனக்கு நாப்பத்தாறு வயசு. கெட்டிக்குடுக்க மக ஒருத்தி நிக்கா. சபையில நான் குடிக்கேன்னு சொல்லுதாவ. அசனத்தன்னைக்குச் சபைக் கமிட்டி வந்து விசாரிக்கப் போவுது. குடிகாரன்னு தீந்துட்டுன்னா அன்னையோட என் ஊழியம் முடிஞ்சு போச்சு.”

அசனம் என்பது எங்கள் சபைகளில் ஆண்டுக்கொருமுறை ஊர் கூடி ஒரே பந்தியில் உண்ணும் விருந்து. அதற்கு அப்போது மூன்று வாரமும் இரண்டு நாளும் இருந்தன.

டாக்டர் திரும்ப உட்கார்ந்தார். “குடிக்குமோ?” என்று கேட்டார்.

பதிலை ரத்தினம்மாள் சொன்னார். “பதநீரைக்கூட விட்டுட்டாரு டாக்டரே. ஊரே பனையடியில நின்னு குடிக்கும்போ இவரு மோரு குடிச்சுக்கிட்டு இருக்காரு. அதுக்கும் சொல்லுதாவ, மறைக்கதுக்காக்கும் மோரு குடிக்கான்னு. கல்யாணத்தன்னைக்கே இந்த ரெண்டு பையும் இருந்துதுலா. மாப்பிள்ளை நேத்து ராத்திரி உறங்கலியான்னு எங்க அம்மை கேட்டா. இன்னைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லிக்கிட்டு கெடக்கேன்.”

டாக்டர் சிரித்து நான் பார்த்த ஆறேழு தடவைகளில் அது ஒன்று. உபதேசியாரின் தகப்பனாருக்கும் இதே பைகள் இருந்தன என்று கேட்டறிந்தார். மூத்திரம் சோதித்தார். கீழிமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்து விட்டுவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் கண்ணோடு வந்து ஒட்டுகிறது என்று பார்த்தார். தொய்ந்த இமையானால் ஆபரேஷனுக்குப் பிறகு அது கீழே மடங்கிப்போகும், கண் மூடாது, காலமெல்லாம் நீர் வடியும். உபதேசியாரின் இமை நன்றாகவே ஒட்டியது.

பிறகு எந்த நோயாளிக்கும் சொல்வதைத் தன் மலையாளத் தமிழில் சொன்னார். பையை அவர் சஞ்சி என்பார். “நான் சஞ்சியை எடுக்கும். வயசை எடுக்கான் பற்றில்லா. தோலில் கறுப்பு இருந்தால் அது அங்ஙனே இருக்கும். முதல் வாரம் கண்ணாடி நோக்கருது. நோக்கினால் என்னைச் சபிக்கும்.”

“சபிக்கது எங்க வழக்கமில்ல, டாக்டரே.”

“ரெண்டாம் நாள் வழக்கமாகும்” என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அன்று நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். டாக்டர் குருவிளா உபதேசியாரை மேசையில் படுக்கவிடவில்லை. சன்னலைப் பார்த்து ஒரு உயரமான முக்காலியில் உட்காரவைத்தார். சன்னலின் மேல்கீலைப் பார்க்கச் சொன்னார். மனிதன் நிமிர்ந்து மேலே பார்க்கும்போதுதான் பை முழுசாகத் தெரியும். படுத்துவிட்டால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கள்ளனை நிற்கவைத்து அடையாளம் பார்க்கவேண்டும் என்பது அவர் வாக்கு. தீக்குச்சி முனையில் ஊதாச் சாயம் தொட்டு, பையின் ஓரத்தைக் கோடாக வரைந்தார். இமை மயிருக்குக் கீழே ஒரு நெல்மணியின் அகலம் விட்டு இன்னொரு கோடு. அதன் பிறகுதான் மேசை.

கண்ணில் கொக்கேன் சொட்டு. இமையில் மரத்துப்போகும் ஊசி. கோட்டின்மேல் தோலைக் கீறி, தசையின் இழைகளை வெட்டாமல் கத்திரியின் நுனியால் விலக்கினார். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. அதைத் திறந்துவிட்டு, மூடிய கண்ணின்மேல் ஒரு விரலை இலேசாக வைத்து அழுத்தினார். கொழுப்பு தானே வெளியே வந்து எட்டிப்பார்த்தது. வெண்ணெய் நிறத்தில் மூன்று சிறு உருண்டைகள். மூக்கோரத்தில் இருந்தது மட்டும் கொஞ்சம் வெளுப்பு. இழுக்கக் கூடாது, வருவதை மட்டும் எடுக்கவேண்டும். இழுத்தால் கண் குழிந்து, பிணக்களை வந்துவிடும். ஒவ்வொன்றின் அடியையும் இடுக்கியால் பிடித்து, வெட்டி, சாராய விளக்கில் காய்ச்சிய கம்பியால் தொட்டு, இரத்தம் வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகே இடுக்கியைத் தளர்த்தினார்.

கடைசியில் தோல். அனுபவமில்லாதவன் தவறு செய்வது இங்கேதான். உபதேசியாரை வாயை அகலத் திறந்து மேலே பார்க்கச் சொன்னார். அப்போது தோல் எவ்வளவு இழுபட முடியுமோ அவ்வளவும் இழுபடும். அந்த நிலையிலும் மிஞ்சிக் கிடந்த தோலைத்தான் வெட்டினார். ஒரு பச்சரிசி அகலம்கூட இல்லை. வாயைத் திறக்கச் சொன்னதும் உபதேசியார் வழக்கப்படி ஒரு கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார். டாக்டர், வாய் போதும், பாட்டு வேண்டாம் என்றார்.

தைப்பதற்குக் குதிரைமயிர். கொதிக்கவைத்த ஒற்றை மயிர், தழும்பே தெரியாது. ஒரு கண்ணுக்கு ஏழு தையல், ஆக மொத்தம் பதினான்கு. பஞ்சு முப்பதும் சரியாக இருந்தது. கண்ணுக்குக் கட்டுப் போடவில்லை. கட்டினால் உள்ளே நடப்பது தெரியாது என்பார் டாக்டர். மண்பானையில் குளிரவைத்த போரிக் தண்ணீரில் நனைத்த துணியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டோம்.

வார்டில் உபதேசியாருக்கும் ரத்தினம்மாளுக்கும் எச்சரிக்கைகளைச் சொன்னது நான். இரண்டு தலையணை. குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்குப்பொடி போடக் கூடாது. பாடக் கூடாது. இதைக் கேட்டதும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

மறுநாள் ரத்தினம்மாள் கைக்கண்ணாடி கொண்டுவந்துவிட்டார். உபதேசியார் பார்த்தார். இரண்டு கண்களும் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுவே ஒரு கீற்றுத்தான் திறந்திருந்தது. சந்தையில் அடிவாங்கின குடிகாரன் போல இருக்கிறேனே என்று கேட்டார். இது எல்லாருக்கும் வருவது, இரண்டு வாரத்தில் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் மறையும் என்று சொன்னேன். அவர் சபிக்கவில்லை, டாக்டரின் பெயரை மட்டும் ஒருதரம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

இதற்குள் அவர் ஊரில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கண் வைத்தியத்துக்குப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஊர் அதைத் திருத்திக்கொண்டது. திருத்தியவர் சபைக் காரியங்களைக் கவனிக்கும் செல்லையா டீக்கனார். கமிட்டிக்குப் புகார் கொடுத்தவரும் அவர்தான், அவர் ஒருவர்தான். மூன்றாம் நாள் மத்தியானம், உபதேசியாரைப் பார்க்கச் சபையார் பன்னிரண்டு பேர் இரண்டு வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். ஒரு குலை மட்டி வாழைப்பழம், ஒரு பெட்டி கருப்பட்டி, டீக்கனார்.

நான் அடுத்த அறையில் ஆயுதம் துடைத்துக்கொண்டிருந்தேன். சபையார் ஜெபிக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் அது தினமும் கேட்கிற சத்தம்தான், நான் தலை நிமிரவில்லை. பாடக் கூடாது, பொடி போடக் கூடாது என்று எத்தனையோ சொல்லியிருந்தோம். குனியக் கூடாது என்றோமே தவிர, ஜெபத்துக்கு முழங்காலிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு பேர் தரையில் முழங்காலிட்டு நிற்க, அவர்களுடைய உபதேசியார் கட்டிலில் எப்படிச் சாய்ந்திருப்பார்? இறங்கிவிட்டார். அவர்கள் பக்கத்து வழக்கப்படி நெற்றி தரையில் தொடக் குனிந்துவிட்டார். ஜெபம் பண்ணியவர் அந்தச் சபையிலேயே நீளமாக ஜெபிக்கிற முதியவர். மழைக்காகவும், மகாராஜாவுக்காகவும், இரண்டு வண்டி மாடுகளுக்காகவும் ஜெபித்தாகிவிட்டது, ஜெபம் இனிமேல்தான் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருந்தது.

அப்போது டீக்கனாரின் குரல் கேட்டது. “ஜெபத்தை நிறுத்தும் வே. அவரு கண்ணு வெளிய வருது.”

நான் ஓடினேன். முதியவர் கண்ணைத் திறக்காமலே, ஆமேன் சொல்லாமல் எப்படி எழுந்திருப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கனார் உபதேசியாரின் தோள்களைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார். இடது இமை பிதுங்கி, தொட்டால் கல்லாக இருந்தது. அதன் பின்னாலிருந்து கண்ணே முன்னுக்குத் தள்ளியிருந்தது. வலியில் அந்தப் பெரிய மனிதரால் பேச முடியவில்லை. உள்ளே எங்கோ ஒரு சிறு நாளம் மறுபடி திறந்து, இரத்தம் போக வழியில்லாமல் கண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு செத்துப்போகும். அதற்கு ஒரு நாளெல்லாம் வேண்டாம். கொஞ்ச நேரம் போதும்.

டாக்டர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். உபதேசியாரைக் கட்டிலில் தூக்கிக் கிடத்தியவர்களில் டீக்கனாரின் கைதான் பலமாக இருந்தது. டாக்டர் அவரைப் பார்த்து, “நிங்கள் தலையைப் பிடிக்கணும்” என்றார். பிறகு ரத்தினம்மாளையும் ‘நிங்கள்’ என்றார். என்னையும். அன்று அங்கே இருந்த எல்லாருக்கும் அவரிடம் மரியாதை கிடைத்தது.

டாக்டர் வலது கண்ணைப் பொத்திவிட்டு, இடது கண்ணுக்கு முன்னால் இரண்டு விரல்களை நீட்டினார்.

“எத்தற?”

“ஒண்ணும் தெரியல்ல. இருட்டா கெடக்கு.”

டாக்டர் கத்திரி கேட்டார். தையல்களை வெட்டினார், நான் எண்ணினேன், ஏழு. காயத்தின் உதடுகளை விரித்ததும், நாவற்பழத்தை நசுக்கினாற்போல் கறுத்த கட்டிகள் வந்தன. உள்ளேயிருந்த சவ்வையும் திறந்துவிட்டார். பஞ்சு நான்கு, ஐந்து, ஆறு. கண் கொஞ்சம் பின்வாங்கியது. மறுபடி விரல்களை நீட்டினார். வெளிச்சம் தெரிகிறது என்றார் உபதேசியார். டாக்டர் காத்திருந்தார். தலையைப் பிடித்திருந்த டீக்கனார் பிடியை விடவில்லை.

“எத்தற?”

“ரெண்டு.”

டாக்டர் ஒரு விரலைச் சேர்த்தார். “இப்போ?”

“மூணு. மூணு டாக்டரே. நகத்துல சோறு ஒட்டியிருக்கு.”

டாக்டர் தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. கையைத் திரும்பக் கழுவிவந்து, இரத்தம் கக்கிய நாளத்தைத் தேடிப்பிடித்துக் கட்டினார். அது தலைமயிர் கனம்தான் இருக்கும். இந்தத் தடவை ஏழு தையல் போடவில்லை. தேங்குவது வெளியே வர வழிவிட்டு நான்குதான் போட்டார். பஞ்சு எண்ணிக்கை சரியா என்று கேட்டபோது என்னை ‘நீ’ என்றார். எனக்கு மூச்சு வந்தது.

கண் பிழைத்தது. ஆனால் புதுக் கவலை ஒன்று வந்து சேர்ந்தது. இப்படித் திறந்து ஆறும் காயம் சுருங்கும். சுருங்கினால் இமையைக் கீழே இழுக்கும். இழுத்தால் கண் மூடாது. தையல் எடுத்த பிறகு தினமும் மூன்று வேளை விரலால் இமையை மேல்நோக்கி நீவிவிடவும், இரவில் ஒரு துண்டு பிளாஸ்திரியால் இமையைத் தூக்கி ஒட்டிவைக்கவும் ரத்தினம்மாளுக்குப் பழக்கினோம். இமை நிலைக்குமா என்று அசனம் நெருங்கும்போதுதான் தெரியும் என்றார் டாக்டர். கீழிமை சிவந்து தொங்கி, நீர் வடிந்துகொண்டே இருந்தால் கமிட்டி என்ன நினைக்கும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

டீக்கனார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அந்தப் பக்கம் போனபோது எழுந்து நின்று, குடித்தால் இந்தப் பை வராதா என்று கேட்டார். டாக்டர், “குடிச்சால் வரும். குடிச்சில்லெங்கிலும் வரும். என்றெ அப்பனுக்கு உண்டு. அப்பன் பள்ளியில் மணியடிக்கிற ஆளு” என்று சொல்லிவிட்டுப் போனார். மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம்.

டீக்கனார் என் பக்கம் திரும்பி, தன்னுடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். இரண்டு கோட்டை நெல் விதைக்கும் வயலைச் சாராயத்தில் கரைத்தவர் அந்த அண்ணன். கடைசி நாட்களில் முகத்தில் முதலில் கெட்டது கண்ணுக்குக் கீழேதான். அதே பைகள். பத்து வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரசங்கபீடத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இன்றைக்கு உபதேசியாரைப் பிடித்துத் தூக்கியபோது அவருடைய மூச்சு இவர் முகத்திலேயே அடித்தது. சுக்குக் காப்பி வாசம்.

சாயங்காலம் வண்டி பூட்டும்போது பெண்கள் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள், சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: “எல்லாரும் கண்ணை மூடித்தானே முட்டு போட்டிருந்தோம். டீக்கனாருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

டீக்கனார் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணில் கத்தி வைத்தவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று கூடியது: படுத்துக்கொண்டே ஜெபிக்கலாம், கர்த்தருக்குக் கேட்கும். நான் அந்தப் பையன் டாக்டரிடம் சொன்ன ஒன்பதாவது இதுதான்.

உபதேசியாரைப் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினோம். அசனத்தன்று இமையைப் பார்த்துவர டாக்டர் என்னை அனுப்பினார். உபதேசியாரை அன்று ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்ல முடியாதல்லவா. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகப் பஸ். பஸ்ஸில் இருபத்திரண்டு பேர், இருக்கை பதினாறு. இறங்கி வயல்வரப்பிலும் பிறகு பனங்காட்டு மணலிலும் நடந்து போய்ச் சேர்ந்தபோது, சபைக்குப் பின்னால் ஆறு பெரிய வார்ப்புகளில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பூசணிக்காயும் வாழைக்காயும் போட்ட குழம்பு. கமிட்டி அதற்குள் ஆலயத்துக்குள் கூடிவிட்டது. டாக்டர் அனுப்பிய ஆள் என்பதால் பின்வரிசையில் உட்கார இடம் கொடுத்தார்கள்.

உபதேசியார் முன்னால் நின்றார். நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால், பைகள் இருந்த இடத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கறை மட்டும். இடது இமை வலதைவிடக் கொஞ்சம் சிவப்பு. கமிட்டியில் வெளியூரிலிருந்து வந்த மூவரும் முதல்தடவையாக அவரைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு அது அடிபட்ட கண்ணாகத்தான் தெரிந்திருக்கும். தலைவராக இருந்த போதகர் ஐயர் அந்த முகத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, புகார் கொடுத்தவர் எழுந்து சொல்லவேண்டியதைச் சொல்லலாம் என்றார்.

செல்லையா டீக்கனார் எழுந்தார்.

“புகார் ஒண்ணு இருக்கு, ஐயரே. அது என் பேர்ல. ஆஸ்பத்திரியில ஜெபம் நடக்கும்போ நான் கண்ணைத் திறந்து வச்சிருந்தேன். இவரு குடி மயக்கத்துல ஆடுதாரான்னு பாக்கதுக்காக. அதுக்கு என்ன தண்டனையோ தாரும். இவரு குடிக்கல்ல. நான் மோந்து பாத்தாச்சு.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தில் இந்தக் கறைகள் எதனால் என்று கேட்டார். டீக்கனார் என்னைக் காட்டினார். நான் எழுந்து விளக்கினேன். பஞ்சு எண்ணிக்கை வரை வந்தபோது போதகர் போதும் என்று கையமர்த்தினார். இன்னும் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. புகார் தள்ளப்பட்டது. டீக்கனாருக்குத் தண்டனையாக, அன்றைய பந்தி முழுவதற்கும் தண்ணீர் விடும் வேலை. அவர் தலையாட்டினார். பந்தியில் முந்நூற்றுச் சொச்சம் பேர்.

ஆனால் நான் வந்த வேலை முடியவில்லை. உபதேசியார் பேசியவரையில், பார்த்தவரையில் இமை நன்றாகத்தான் இருந்தது. திறந்த கண் எதையும் காட்டிக்கொடுக்காது. அந்தக் கண் மூடவேண்டும். இமை இரண்டும் இடைவெளியில்லாமல் சந்திக்கவேண்டும். நான் வந்ததிலிருந்து அவர் கண்ணைக் கொட்டினாரே தவிர மூடி வைக்கவே இல்லை. பக்கத்தில் போய் மூடிக்காட்டச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் ஆராதனை மணி அடித்துவிட்டது. மிச்ச சனங்களும் உள்ளே வந்து பாய்களில் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். நான் முன்வரிசைக்குப் பக்கத்தில், டீக்கனாருக்கு அருகே மாட்டிக்கொண்டேன்.

உபதேசியார் பீடத்தில் ஏறினார். இன்னும் ஒரு மாதம் முழங்கால் போடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் சபை முழுவதும் முழங்காலில் நிற்க, அவர் மட்டும் நிமிர்ந்து நின்றார். கிழக்குச் சன்னல் வெயில் முகத்தில் விழுந்தது. ஜெபிப்போம் என்று சொல்லிக் கண்களை மூடினார்.

வலது கண் மூடியது. இடது கீழிமை மேலே ஏறியது, நின்றது. நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று, குதிரைமயிர் அகலம். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவர் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்து, இரண்டாவதைத் தொடங்க மூச்செடுத்தபோது, இமை மிச்சத் தூரத்தையும் ஏறி மேலிமையில் போய்ப் பொருந்திக்கொண்டது. கீற்று இல்லை. நீரும் வடியவில்லை.

பக்கத்திலிருந்து டீக்கனார் தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்: “நல்லா மூடுதா?”

“மூடுது” என்றேன்.

“அப்ப நீரும் கண்ணை மூடும் வே.”

மூடினேன்.